பட்டுக்குப் பகை தண்ணீரா, வெயிலா?

கையால் நெய்து, கையால் சாயமேற்றிய பட்டு ஸ்கார்ஃப் ஒன்றைக் கொடைக்கானலில் வாங்கினாலும் சரி, காஞ்சிபுரத்தில் வாங்கினாலும் சரி, கூடவே ஓர் எச்சரிக்கையும் கிடைக்கும்: "தண்ணியில மட்டும் போட்டுறாதீங்க, டிரை வாஷ்தான் குடுக்கணும்." வாங்கியவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார். மாதக்கணக்கில் துவைக்காமலே கழுத்தில் சுற்றிக்கொள்கிறார். வேர்வை வாடை வந்தால் வெயிலில் கொடியில் போட்டு உலர்த்துகிறார். சீசன் முடிந்ததும் அந்துருண்டையோடு பெட்டியில் மடித்து வைக்கிறார். சில வருடங்களில் மடிப்பு வாக்கில் இழை விட்டுப்போகிறது. பட்டு என்றாலே இவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். என் கருத்து வேறு. பெரும்பாலான பட்டு ஸ்கார்ஃபுகளுக்குத் தண்ணீரால் கெடுதல் வருவதில்லை. வெயில், வேர்வை, காரமான சோப்பு, ஈரம் தங்கிய பெட்டி, இந்த நான்கும்தான் அவற்றின் ஆயுளைக் குறைக்கின்றன. பழனி மலையிலுள்ள கொடைக்கானல் போன்ற உயரமான, பனிமூட்டம் அடிக்கடி இறங்கும் ஊரில் வெயிலும் ஈரமும் சமவெளியைவிடக் கூடுதலாகவே வேலை செய்கின்றன. தண்ணீருக்குப் பயந்து மற்ற நான்கையும் கவனிக்காமல் விடுகிறோம் என்பதுதான் சிக்கல்.

பட்டு எப்படி உருவாகிறது என்று பார்த்தாலே தண்ணீர்ப் பயத்தில் பாதி போய்விடும். பழனி மலையின் வடக்கு அடிவாரத்தில், உடுமலை, மடத்துக்குளம், பழனி வட்டாரங்களில் மல்பெரித் தோட்டங்கள் உண்டு. பட்டுப்புழுவுக்குச் சுமார் 24 முதல் 28 டிகிரி வரை வெப்பம் வேண்டும். கொடைக்கானல் குளிர் அதற்கு ஒத்துவராது. அதனால் புழு வளர்ப்பு அடிவாரத்தோடு நின்றுவிட்டது. அந்தப் பக்கத்து விவசாயிகள் வளர்க்கும் வெண்பட்டுக்கூடு நல்ல தரமாக இருந்தால், ஒரே கூட்டிலிருந்து ஆயிரம் மீட்டர் அளவுக்கு அறுபடாத இழை கிடைக்கும். அந்த இழையில் இரண்டு புரதங்கள் இருக்கின்றன. உள்ளே இருப்பது ஃபைப்ராயின். பட்டு என்று நாம் தொட்டு உணர்வது அதைத்தான். அதன் மேல் பூசினாற்போல் செரிசின் என்ற பசை இருக்கும். எடையில் 20 முதல் 30 சதவீதம் வரை அந்தப் பசைதான். நூல் எடுப்பதற்காகக் கூட்டை வெந்நீரில் வேகவைக்கிறார்கள். பசையை நீக்குவதற்காக, எடுத்த நூலைச் சோப்புக் கரைசலில் கொதிநிலைக்குச் சற்றே குறைந்த சூட்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் மறுபடியும் அவிக்கிறார்கள். பிறகு சாயத் தொட்டியில் இன்னொரு முறை சூடான குளியல். நம் கைக்கு வருவதற்கு முன்பே இத்தனை வெந்நீரைக் கண்ட இழை, ஒரு வாளி குளிர்ந்த நீரில் ஐந்து நிமிடம் கிடந்தால் என்ன ஆகிவிடப் போகிறது?

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். சோப்புக் கரைசலில் வெந்த பட்டை வீட்டுச் சலவைத்தூளில் போட்டால் மட்டும் ஏன் கெட வேண்டும்? பசை நீக்கும்போது காரத்தின் தாக்குதலை முதலில் வாங்கிக்கொள்வது செரிசின்தான். அது கரைந்ததும் நூலை வெளியே எடுத்து, நன்றாக அலசிவிடுகிறார்கள். சூடு, நேரம், காரத்தின் அளவு எல்லாமே அங்கே கட்டுக்குள் இருக்கின்றன. நம் கையில் இருக்கும் ஸ்கார்ஃபில் காவலுக்கு அந்தப் பசை கிடையாது. ஃபைப்ராயின் நேரடியாக வெளியே நிற்கிறது. சலவைத்தூள் கரைசலின் பி.எச். பத்தையொட்டி இருக்கும். புரதக் கறைகளை அறுத்தெடுப்பதற்கென்றே பல தூள்களில் நொதிகளையும் சேர்க்கிறார்கள். முட்டைக் கறையும் புரதம், பட்டும் புரதம்; நொதிக்கு இரண்டும் ஒன்றுதான். ஒவ்வொரு சலவையிலும் கொஞ்சம் பளபளப்பும் கொஞ்சம் வலுவும் போகும். குளோரின் பிளீச்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது பட்டைக் கரைத்தேவிடும். நம் வீடுகளில் பட்டுக்குப் பூந்திக்கொட்டையைப் பயன்படுத்தியதற்குப் பின்னால் நல்ல வேதியியல் இருக்கிறது. அதன் நுரை சற்றே அமிலப் பாங்கானது, பட்டுக்கு உகந்தது. சீயக்காயும் அப்படித்தான் என்றாலும் வெளிர்நிறப் பட்டில் பழுப்பேற்றக்கூடும். இரண்டும் கிடைக்காத இடத்தில் குழந்தைகளுக்கான ஷாம்பு சில துளிகள் போதும்.

சரி, டிரை வாஷ் பாதுகாப்பானதுதானே, எதற்கு வம்பு என்று கேட்கலாம். ஜரிகை வைத்தது, கையால் வண்ணம் தீட்டியது, மணி கோத்தது, சாயம் ஓடும் என்று உறுதியாகத் தெரிந்தது ஆகியவற்றுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். மற்றபடி டிரை வாஷ் செய்யும் வேலை பாதிதான். அங்கே பயன்படும் கரைப்பான்கள் எண்ணெயையும் கிரீஸையும் நன்றாக எடுத்துவிடும். சிறு ஊர்களில் இன்றும் 'பெட்ரோல் வாஷ்' என்ற பேர் வழக்கில் இருப்பதே அதனால்தான். வேர்வையில் இருக்கும் உப்பு வேறு ரகம். அது தண்ணீரில்தான் கரையும், கரைப்பானுக்கு மசியாது. ஸ்கார்ஃப் கிடப்பதோ கழுத்தில். வேர்வை, முகப்பூச்சு, சென்ட் எல்லாம் முதலில் படுகிற இடம் அது. உப்பு தங்கிய பட்டு நாளாக ஆக நொய்ந்துபோகும். நொய்ந்த இடத்தில் வெயிலும் பட்டால் இன்னும் வேகமாக விட்டுப்போகும். பெரிய சலவை நிலையங்கள் வெகுகாலம் பயன்படுத்திவந்த பெர்குளோரோஎத்திலீன் என்ற கரைப்பானை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மாதத்துக்கு நாலு முறை கழுத்தில் ஏறும் துணிக்கு வீட்டுத் தண்ணீர்தான் பொருத்தம்.

சாயம் ஓடுமே என்ற பயம் உண்மையானது. அதற்காகச் சோதனை செய்யலாமே தவிர, துவைக்காமல் விடக் கூடாது. வெள்ளைத் துணி நுனியை நனைத்து, ஸ்கார்ஃபின் ஓரத்தில் ஒவ்வொரு நிறத்தின் மேலும் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். துணியில் நிறம் ஏறவில்லை என்றால் துவைக்கலாம். கொஞ்சம் ஏறினால் தனியாக, குளிர்ந்த நீரில், வேகமாக. நிறையவே ஏறினால் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். ஊறவைப்பது வேண்டாம், சாயம் ஓட நேரம் கொடுப்பது அதுதான். ஈரத்தில் பட்டின் வலு 10 முதல் 20 சதவீதம் வரை குறைகிறது. ஆகவே முறுக்கிப் பிழியக் கூடாது, கல்லில் அடிப்பதையோ பிரஷ் போடுவதையோ நினைத்தும் பார்க்கக் கூடாது. பூந்துவாலையில் விரித்துச் சுருட்டி அழுத்தினால் ஈரம் துவாலைக்குப் போய்விடும். தண்ணீர்த் துளி பட்டால் வட்டமாகத் தடம் விழுகிறதே என்பார்கள். பல ஸ்கார்ஃபுகளில் அது வெறும் பூச்சுப் பசையும் உப்பும் ஓரத்தில் ஒதுங்குவதுதான். ஒரே சீராக முழுவதும் நனைத்து உலர்த்தினால் பெரும்பாலும் மறைந்துவிடும். துளியால் வந்த தடத்துக்கு முழு நனைப்பே மருந்தாவதுண்டு. தண்ணீரின் தரத்தையும் பார்க்க வேண்டும். மலைச் சுனை நீர் மென்னீர், நன்றாக அலசும். திண்டுக்கல் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரில் சோப்புப் போட்டால் சுண்ணாம்புக் கசடு இழையில் படிந்து பட்டை மங்கச் செய்யும். அந்த ஊர்க்காரர்கள் கடைசி அலசலுக்காவது மழைநீரோ குடிநீரோ வைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் ஒரே பட்டுக்குச் சொன்னதில்லை. கையில் இருப்பது எந்தப் பட்டு என்று தெரியாமல் பராமரிப்பு பேசுவது, நோய் தெரியாமல் மருந்து கொடுப்பது மாதிரி. மல்பெரி, டசர், எரி, முகா என்ற நான்கு பட்டும் வணிக அளவில் கிடைக்கும் நாடு இந்தியா. மல்பெரி நீளமான, வழுவழுப்பான இழை. காஞ்சிபுரமும் ஆரணியும் நெய்வது இதைத்தான். டசர் என்பது மருது போன்ற காட்டு மரங்களின் இலை தின்னும் புழுவுடையது. அதன் இழை தட்டையாக, தடிமனாக இருக்கும். செம்பு கலந்த தேன்நிறம் இயல்பிலேயே உண்டு. நெய்த துணி சற்றே சொரசொரப்பாக, ஓரங்களில் இழை பிரிவதாக இருக்கும். அதை உரசித் துவைத்தால் முடி முடியாகக் கிளம்பிவிடும். எரி ஆமணக்கு இலை தின்னும் புழுவின் பட்டு. அதன் கூடு ஒரு முனையில் திறந்திருப்பதால் அந்துப்பூச்சி தானாக வெளியேறிவிடும்; ஒரே இழையாக உருவ முடியாமல் பருத்தியைப் போல நூற்கிறார்கள். பளபளப்பு இருக்காது, ஆனால் கம்பளி மாதிரி கதகதப்பாக இருக்கும். துவைப்பையும் நன்றாகத் தாங்கும். கொடைக்கானல் குளிருக்குக் கழுத்தில் சுற்ற ஒரு பட்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் எரியைத்தான் சொல்வேன். முகா அஸ்ஸாமுக்கே உரியது, 2007-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் பொன்னிறம் சாயமில்லை, இழையிலேயே இருப்பது. துவைக்கத் துவைக்க மெருகேறும் என்று அஸ்ஸாம் பெண்கள் சொல்வார்கள், வீட்டில்தான் துவைக்கிறார்கள். தண்ணீரே ஆகாது என்று சொல்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பதில் தேவையில்லை.

இந்த நான்கிலும் சேராத ஐந்தாவது ஒன்று சந்தையில் நிறையவே இருக்கிறது. 'ஆர்ட் சில்க்' என்பது கலைநயம் மிக்க பட்டு இல்லை. மரக்கூழிலிருந்து வரும் விஸ்கோஸோ பாலியெஸ்டரோதான். திண்டுக்கல் பக்கத்துச் சின்னாளப்பட்டி செயற்கைப்பட்டுச் சேலைக்குப் பெயர்போன ஊர். அதை வாங்கியவர்கள் எதை வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்கினார்கள், அதில் ஏமாற்று இல்லை. அசல் பட்டு என்று சொல்லி விஸ்கோஸை விற்பதுதான் குற்றம். 'சாட்டின்' என்று சொன்னாலும் மயங்க வேண்டாம், அது நெசவின் பெயர், நூலின் பெயரில்லை. ஷிஃபான், கிரேப், ஜார்ஜெட்டும் அப்படியே, எந்த நூலிலும் வரும். குஞ்சத்திலிருந்து ஓர் இழையை உருவி எரித்துப் பாருங்கள். பட்டு தலைமுடி கருகும் வாடையோடு மெதுவாக எரிந்து, தீயை எடுத்ததும் அணையும். கரி விரலில் பொடியும். விஸ்கோஸ் காகிதம் போல எரியும், பாலியெஸ்டர் உருகிக் கட்டியாகும். கம்பளியும் முடிவாடைதான் தரும் என்பதாலும், கலப்பு நூல்கள் கண்ணில் மண்ணைத் தூவும் என்பதாலும் இது முடிந்த முடிவல்ல. மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-ல் தொடங்கிய 'சில்க் மார்க்' ஹாலோகிராம் அட்டை கூடுதல் உத்தரவாதம். பட்டின் கனத்தையும் கேளுங்கள்: மொம்மே என்ற அளவில் சொல்வார்கள், ஒரு மொம்மே சதுர மீட்டருக்கு 4.34 கிராம். எட்டு மொம்மே ஸ்கார்ஃப் சதுர மீட்டருக்கு 35 கிராம்தான் வரும். அதன் மென்மைக்குத் தக்கபடி கையாள வேண்டும்.

இனி வெயில். என் வாதத்தின் கனமான பகுதி இதுதான். கொடைக்கானலில் 1899-ல் சூரிய ஆய்வகம் அமைந்ததற்குக் காரணம், அங்கே வானம் தெளிவாகவும் காற்று தூசு குறைவாகவும் இருப்பதுதான். சூரியனை ஆராய்பவர்களுக்கு வரமான அந்தத் தெளிவு பட்டுக்கு வினை. கடல்மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. கொடைக்கானல் நகரம் ஏறத்தாழ 2,100 மீட்டரில் இருக்கிறது, அதுவும் பூமத்திய ரேகைக்கு அருகில். பட்டின் புரதத்தில் இருக்கும் டைரோசின், டிரிப்டோபான் என்ற அமினோ அமிலங்கள் புறஊதாக் கதிரை விழுங்கிக்கொண்டு உடைந்துபோகின்றன. முதலில் மஞ்சள் பூக்கும், பிறகு இழை நொறுங்கும். பொதுவாகப் பயன்படும் இழைகளிலேயே வெளிச்சத்துக்கு மிக எளிதில் இடம்கொடுப்பது பட்டுதான். அருங்காட்சியகங்களில் பழந்துணிகளை வைக்கும் அறையில் வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டக் கூடாது என்ற விதி பின்பற்றப்படுவது இதனால்தான். அந்த அறைகள் இருட்டாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மலையில் ஆபத்து என்னவென்றால், குளிர் நம்மை ஏமாற்றிவிடும். மார்கழி காலை இதமாக இருக்கிறதே என்று ஸ்கார்ஃபை முற்றத்துக் கொடியில் போட்டுவிட்டு மதியம் எடுக்கிறோம். சுட்டாலும் சுடாவிட்டாலும் அந்தக் கதிர் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மெல்லிய மேகம் போட்டிருந்தாலும் ஒரு பகுதி ஊடுருவி வரும். ஜன்னல் கண்ணாடி கொஞ்சம் தடுக்கும், முழுதாகத் தடுக்காது. காரின் பின்சீட்டில் கிடக்கும் ஸ்கார்ஃப் கொடியில் கிடப்பதற்கு அவ்வளவாக மாற்றில்லை. உலர்த்துவது நிழலில், காற்றோட்டமான வராண்டாவில், உட்புறம் வெளியே தெரியும்படி என்று வைத்துக்கொண்டால், வேறெந்தப் பராமரிப்பைவிடவும் அதுவே அதிக ஆயுள் கொடுக்கும்.

நிழலில் போட்டால் மலையில் காயவே காயாதே என்பார்கள். மழைக்காலத்தில் பல நாட்கள் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும் என்பது உண்மைதான். பட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஈரத்தை நிறைய உறிஞ்சிக்கொள்ளும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரம் சேர்ந்தாலும் கையில் ஈரமாகத் தெரியாது. தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று எடுத்து வைத்துவிடுகிறோம். காற்றின் ஈரப்பதம் 65–70 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஆகவே துவைப்பதை வறண்ட நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவசரமென்றால் அறைக்குள் மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, சற்றே ஈரமிருக்கும்போதே இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து உட்புறமாகத் தேய்த்துவிட்டால் மிச்ச ஈரமும் போய்விடும். 150 டிகிரியைத் தாண்டினால் பட்டு பழுக்கத் தொடங்கும், அதனால் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை இடையில் விரித்துக்கொள்வது நல்லது.

மலை வீடுகளில் பட்டும் கம்பளியும் ஒரே பெட்டியில் தூங்குகின்றன. பழனி மலையின் சொந்த இழை கம்பளிதான். அங்குள்ள மன்னவனூரில் 1965 முதல் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இயங்கிவருகிறது. கம்பளியும் பட்டும் புரதங்கள். கம்பளியைத் தேடி வரும் அந்துப்பூச்சிக்கும் வண்டுக்கும் பட்டு பக்கத்து இலைப் பாயசம். அழுக்கும் வேர்வையும் படிந்த பட்டென்றால் இன்னும் விருப்பம். துவைக்காமல் எடுத்து வைக்கக் கூடாது என்பதற்கு இதுவும் காரணம். வசம்பும் வேப்பிலையும் ஓரளவுக்கு உதவும். ஆனால் மாதம் ஒருமுறை எடுத்து உதறி, நிழலில் காற்றாட விட்டு, வேறு மடிப்பில் வைப்பதற்கு அவை ஈடாகாது. அந்துருண்டையின் நாப்தலீன் வாடை பட்டில் ஏறினால் லேசில் போகாது. அதுவும் புற்றுநோய்ச் சந்தேகப் பட்டியலில் இருக்கும் பொருள்தான். பாலிதீன் உறையில் வைத்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பழைய வெள்ளைப் பருத்தி வேட்டியில் சுற்றி வைப்பதுதான் சரி. மடிப்பதைவிட உருளையில் சுற்றுவது மேல், ஏனென்றால் இழை முறிவது மடிப்பு வாக்கில்தான்.

எங்கள் பாட்டியின் பட்டுச்சேலை நாற்பது வருடம் துவைக்காமலே நின்றதே என்று யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தச் சேலை வருடத்துக்கு நான்கைந்து முறை, கல்யாணம் காட்சிக்கு, சில மணி நேரம் மட்டுமே உடம்பில் இருந்தது. கழற்றியதும் நிழலில் ஆற விட்டு மடித்தார்கள். நேராகத் தோலில் பட்டதும் குறைவு, இடையில் ரவிக்கையும் உள்பாவாடையும் இருந்தன. தடித்த முறுக்கு நூலில் கனமாக நெய்தது அது. எட்டு மொம்மே ஸ்கார்ஃபை அதோடு ஒப்பிட முடியாது. இன்னொரு பக்கம், எவ்வளவு கவனித்தாலும் தானாகவே கிழிந்துபோன பட்டுகளும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், பசை நீக்கியதில் போன எடையை ஈடுகட்ட மேலை நாட்டு ஆலைகள் பட்டில் வெள்ளீய உப்புகளை ஏற்றின. அந்தத் துணிகள் இன்று அருங்காட்சியகங்களில் பெட்டியைத் திறக்காமலே விரிசல் விட்டுக்கொண்டிருக்கின்றன. பராமரிப்பில் குறை இல்லை, செய்த விதத்தில்தான் குறை.

கையால் செய்யும் ஸ்கார்ஃபுகளுக்கு இந்தப் பாடம் நேராகப் பொருந்தும். இலைகளைப் பட்டில் பரப்பிச் சுருட்டி ஆவியில் வேகவைத்து அச்செடுக்கும் முறை இப்போது பரவிவருகிறது. யூகலிப்டஸ் இலை வேறெதுவும் சேர்க்காமலே பட்டில் செம்மஞ்சள் நிறம் தரும். பழனி மலையில் வெள்ளைக்காரர் காலத்தில் அறிமுகமான யூகலிப்டஸையும், தோல் பதனிடும் பட்டைக்கான வாட்டில் மரத்தையும் பிறகு ஏராளமாக நட்டார்கள். சோலைக்காட்டுக்கும் புல்வெளிக்கும் கேடு செய்த அந்த மரங்களின் இலையும் பட்டையும் சாயமாவது எனக்குப் பிடித்த செய்திதான். ஆனால் இலையின் துவர்ப்புப் பொருளான டானினைக் கருமையாக்க இரும்பைச் சேர்க்கிறார்கள். டானினும் இரும்பும் சேர்ந்த கறுப்பு வருடக்கணக்கில் பட்டை அரிக்கும். பழந்துணிகளில் முதலில் பொடிவது அந்தக் கறுப்புப் பகுதிகள்தான். அதே ஸ்கார்ஃபுக்குக் கடைசி அலசலில் சாயம் நிலைக்கட்டுமென்று வினிகர் விட்டால், அமிலத்தில் இலைச் சாயம் வெளுத்துவிடலாம். ரசாயன அமிலச் சாயமேற்றிய பட்டுக்கோ அந்த ஒரு ஸ்பூன் வினிகர் நல்லது. மஞ்சள் தோய்த்ததைச் சோப்பில் போட்டால் சிவக்கும் என்பதைச் சுண்ணாம்பும் மஞ்சளும் கலந்து பார்த்த எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே செய்கிறவர்களிடம் ஒரு கோரிக்கை. 'டிரை வாஷ் மட்டும்' என்ற அட்டை வேண்டாம். எந்தப் பட்டு, எத்தனை மொம்மே, எந்தச் சாயம், இரும்பு சேர்த்ததா, விற்பதற்கு முன் துவைத்துப் பார்த்தீர்களா என்ற ஐந்தையும் அட்டையில் தமிழில் எழுதிக் கொடுங்கள். வாங்குகிறவர்கள் அது இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். விலை கேட்கத் தயங்காத நாம் இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை; தன் கையால் சாயம் போட்டவருக்கு இந்த ஐந்துக்கும் பதில் தெரிந்திருக்கும்.